சிறிய காருக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா? வாங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னர் வாகன விற்பனை விளம்பரங்களில் "1.0 டர்போ" என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. வாகனங்கள் பற்றி எழுதுபவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளும் இப்போது அதைச் சுற்றியே இருக்கின்றன. ஆயிரம் சி.சி. எஞ்சின் குடும்பத்தையும் பொதிகளையும் இழுக்குமா? டர்போ கெதியில் பழுதாகும் என்கிறார்களே? அதைவிட சூப்பர்சார்ஜர் உள்ள கார் நல்லதா? எங்களிடம் இருக்கும் பழைய காரில் இவற்றில் ஒன்றைப் பூட்டலாமா?

இவை வேகப்பிரியர்களின் கேள்விகள் மட்டுமல்ல. எங்கள் நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் லீசிங்கில் ஒரே ஒரு காரை வாங்குகின்றன. அதுவே பாடசாலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கலியாண வீட்டுக்கும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ஓடுகிறது. தவணை முடியும்வரை அந்த எஞ்சின் சுகமாக இருக்கவேண்டும். ஆகவே இந்த இரண்டு கருவிகளும் என்ன செய்கின்றன, எங்களிடம் என்ன கேட்கின்றன என்பதை விளங்கிக்கொண்டு காசைக் கொடுப்பது நல்லது.

காற்றுத்தான் கணக்கு

எஞ்சினுக்குள் பெற்றோலை அதிகம் ஊற்றுவது கடினமான வேலை அல்ல. அதை எரிக்கப் போதிய காற்றைக் கொடுப்பதுதான் கடினம். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சும் காற்றை மட்டும் நம்பியிருக்கிறது. அதற்குமேல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால், அதே அளவு எஞ்சின் கூடுதல் பெற்றோலை எரித்துக் கூடுதல் வலுவைத் தரும். டர்போவும் சூப்பர்சார்ஜரும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். காற்றை அழுத்தும் சக்தியை எங்கிருந்து எடுக்கின்றன என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

சூப்பர்சார்ஜர் எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழல்கிறது. எஞ்சின் சுற்றினால் அதுவும் உடனே சுற்றும். எனவே அக்சிலரேற்றரை மிதித்த கணத்திலேயே அழுத்தம் கிடைக்கிறது. ஆனால் அது எஞ்சினின் வலுவிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நூறு குதிரைவலு அளவிலான ஒரு சிறிய எஞ்சின் முழு வலுவில் ஓடும்போது, அரை பார் அழுத்தம் தருவதற்கு ஏறக்குறைய 5 கிலோவாற், அதாவது 7 குதிரைவலு செலவாகும் என்பது என் கணக்கு.

டர்போ புகைக்குழாயால் வீணே வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வழியால்தான் வீணாகிறது. அதில் ஒரு பகுதியை டர்போ மீட்டெடுக்கிறது. முற்றிலும் இலவசம் என்று சொல்லமுடியாது. வாயு வெளியேறும் பாதையில் தடை ஏற்படுவதால் எஞ்சினுக்குச் சிறிது சுமை உண்டு. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுகள் வரை சுழலும். அந்த வேகத்தை எட்டச் சற்று நேரம் எடுக்கும். இதைத்தான் "டர்போ லாக்" என்கிறார்கள்.

இரண்டுமே பழைய கண்டுபிடிப்புகள். காற்றை ஊதும் ரூட்ஸ் வகைக் கருவிக்கு அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றனர். டர்போவின் அடிப்படைக்குச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்கள் 1962இல் அமெரிக்காவில் வந்தன.

ஒரே 98 குதிரைவலு, இரண்டு வழிகள்

கோட்பாட்டைவிட உண்மையான கார்களை ஒப்பிடுவது பயன் தரும். எங்கள் வீதிகளில் ஏராளமாக ஓடும் டொயோட்டா விட்ஸ் 1.0 காரில் இருப்பது 996 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். 69 குதிரைவலுவும் 92 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையும் தருகிறது. டொயோட்டா ரெய்ஸ் டர்போவில் இருப்பது அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே 996 சி.சி. ஆனால் 98 குதிரைவலு, 140 நியூற்றன் மீற்றர். முறுக்குவிசை பாதிக்கும் மேல் கூடியிருக்கிறது. அதுவும் 2,400 முதல் 4,000 சுற்றுவரை முழுமையாகக் கிடைக்கிறது.

இனி சூப்பர்சார்ஜர் பக்கம் பார்ப்போம். நிசான் 2011இல் ஐரோப்பாவின் மைக்ராவிலும், 2012இல் ஜப்பானின் நோட் காரிலும் 1,198 சி.சி. மூன்று சிலிண்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சினைப் பூட்டியது. அதன் வலுவும் அதே 98 குதிரைவலு. முறுக்குவிசை 142 நியூற்றன் மீற்றர். எரிபொருளைச் சேமிப்பதற்காக, மெதுவாக ஓடும்போது சூப்பர்சார்ஜரைத் துண்டித்துவிடும் மின்காந்தக் கிளச்சும் அதில் இருந்தது.

வலுவில் இரண்டும் சமம். ஆனால் சூப்பர்சார்ஜர் எஞ்சின் 200 சி.சி. பெரியது. இலங்கையில் இந்த 200 சி.சி. மிக முக்கியம். இங்கே உற்பத்தி வரி எஞ்சினின் சி.சி. அளவைப் படிகளாகப் பிரித்து அறவிடப்படுகிறது. 1,000 சி.சி.க்கு உட்பட்டவை ஒரு படி, 1,000 முதல் 1,300 வரை அடுத்த படி, 1,300 முதல் 1,500 வரை இன்னொன்று. 988 சி.சி. டர்போவுடன் வந்த ஹொண்டா சிவிக் எங்கள் நாட்டில் அவ்வளவு விற்பனையானதன் இரகசியமும் இதுதான். பெரிய கார், சிறிய காரின் வரிப்படி.

தயாரிப்பாளர்களும் இதே திசையில்தான் போயிருக்கிறார்கள். மினி கூப்பர் எஸ் முதலில் 1.6 லீற்றர் சூப்பர்சார்ஜருடன் 163 குதிரைவலுவில் வந்தது. அடுத்த தலைமுறையில் அது 1.6 லீற்றர் டர்போவாக மாறி 175 குதிரைவலு ஆனது. ஃபொக்ஸ்வாகன் 2005இல் கோல்ஃப் காரின் 1.4 லீற்றர் எஞ்சினில் இரண்டையும் சேர்த்துப் பூட்டி 170 குதிரைவலு எடுத்தது. குறைந்த சுற்றில் சூப்பர்சார்ஜர், கூடிய சுற்றில் டர்போ. பின்னர் அந்தச் சிக்கலான ஏற்பாட்டைக் கைவிட்டுத் தனி டர்போவுக்கு வந்தது. நிசானும் 2017 மைக்ராவில் 0.9 லீற்றர் டர்போவுக்கு மாறியது. ஜப்பானின் நோட் கார் ஹைபிரிட் பக்கம் போய்விட்டது. இன்று புதிதாக வரும் சிறுகார்களில் சூப்பர்சார்ஜரைக் காண்பதே அரிது.

எங்கள் வீதிகளில் எப்படி?

இரண்டு வகைக் கார்களையும் நான் ஓட்டியிருக்கிறேன். நகர நெரிசலில் சூப்பர்சார்ஜர் சுகமானது. காலி வீதியில் ஊர்ந்து, நின்று, மீண்டும் புறப்படும்போது மிதித்தவுடன் கார் நகரும். டர்போவில் அந்த இடத்தில் ஒரு சிறு தயக்கம் தெரியும். ஆனால் இன்றைய சிறு டர்போ கார்கள் பலவற்றில் சி.வி.ரி கியர்பெட்டி இருக்கிறது. அது எஞ்சினை உடனே 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றிவிடுவதால் தயக்கம் பெரிதும் மறைந்துவிடுகிறது. சூப்பர்சார்ஜரின் பெரிய சிறப்பைக் காலப்போக்கில் பறித்துக்கொண்டது கியர்பெட்டிதான் என்பேன்.

ஏ9 வீதியில் கதை வேறு. வவுனியாவுக்கு வடக்கே இருவழிப் பாதையில் ஒரு லொறியையோ தூர சேவை பஸ்ஸையோ முந்த வேண்டுமானால் 60இலிருந்து 90க்கு விரைவாக ஏறவேண்டும். எதிரே வரும் வாகனத்துக்கும் எங்களுக்கும் இடையே உள்ள நேரம்தான் இங்கே உயிர். சாதாரண 1.0 எஞ்சின் இந்த இடத்தில் இரைச்சல் போடும், வேகம் ஏறாது. டர்போவின் நடுச்சுற்று முறுக்குவிசை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். சூப்பர்சார்ஜரும் இதைச் செய்யும். பெற்றோல் சற்றுக் கூடுதலாகப் போகும்.

மலைநாட்டில் வித்தியாசம் இன்னும் தெளிவு. கம்பளை, புசல்லாவ, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தை அடைகிறோம். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் 80 வீதமளவே. சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 69 குதிரைவலு ஏறக்குறைய 55 ஆகும். சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் விகிதத்துக்குக் கட்டுப்பட்டது. காற்று ஐதானால் அது தள்ளும் காற்றும் அதே விகிதத்தில் குறையும். டர்போவோ எதிர்ப்பு குறைந்ததும் இன்னும் வேகமாகச் சுழன்று இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் வசிப்போர் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்கவேண்டும்.

வெப்பமும் பெற்றோலும்

காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 32 பாகை வெப்பநிலையில் உள்ள காற்றை அரை பார் கூடுதலாக அழுத்தினால், நல்ல டர்போவில் அது ஏறக்குறைய 85 பாகைக்கும், ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரில் 100 பாகைக்கும் போகும். சூடான காற்று விரிந்துவிடும். 100 பாகையில் அப்படியே உள்ளே விட்டால், அழுத்தம் 50 வீதம் கூடியும் காற்றின் நிறை 23 வீதமே கூடும். இன்டர்கூலர் மூலம் 50 பாகைக்குக் குளிர்த்தினால் அது 40 வீதத்தைத் தாண்டும். எனவே எங்கள் வெக்கையில் இன்டர்கூலர் அலங்காரப் பொருள் அல்ல. அதன் முன்னால் பெரிய நம்பர் பலகையோ மேலதிக விளக்குகளோ பூட்டிக் காற்றை மறிக்கக்கூடாது.

சூடான, அழுத்தம் கூடிய காற்று பெற்றோலை நேரத்துக்கு முன்பே வெடிக்கத் தூண்டும். அதைத் தடுப்பதற்குத்தான் ஒக்ரேன் அளவு. இலங்கையில் பொதுவாகக் கிடைப்பவை 92, 95 ஆகியவை. ஜப்பானில் சாதாரண பெற்றோலின் குறைந்தபட்ச அளவு 89, உயர்ரகத்துக்கு 96. ஆகவே ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென உருவாக்கிய டர்போ காருக்கு எங்கள் 92 போதும். 95 ஊற்றுவதால் பெரிய இலாபம் இல்லை. உயர்ரகம் வேண்டும் என்று மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருந்தால் 95 கட்டாயம். உங்கள் ஊரின் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் 95 ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அத்தகைய காரை வாங்குங்கள்.

2022இல் வாரத்துக்கு 20 லீற்றர் கியூ.ஆர். பங்கீட்டில் கார் ஓட்டிய எங்களுக்கு எரிபொருள் சிக்கனத்தின் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. நிதானமாக ஓட்டும்போது சிறு டர்போ, சிறிய எஞ்சினின் சிக்கனத்தைத் தரும். எந்நேரமும் மிதித்து ஓட்டினால் அந்தச் சிக்கனம் இல்லை. கூடுதல் வலுவுக்குக் கூடுதல் பெற்றோல் என்பது மாறாத விதி.

டர்போவின் உயிர் ஒயிலில்

"டர்போ பழுதாகும்" என்ற பயத்தின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒயில்தான். டர்போவின் தண்டு மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. ஒரு பக்கம் 900 பாகையைத் தாண்டக்கூடிய வாயு, மறுபக்கம் சாதாரண காற்று. ஒயில் பழுதானால் அது கருகிக் குழாய்களை அடைக்கும். தண்டு காய்ந்து தேயும்.

ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்கள் நாட்டில் சாதாரண பெற்றோல் எஞ்சினுக்கு 10,000 முதல் 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்கிறார்கள். டர்போவுக்கு அவர்கள் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். குறுந்தூர ஓட்டம், தூசி, மலைப்பாதை போன்ற கடினமான பாவனைக்கு அதிலும் பாதி. எங்கள் பாவனை பெரும்பாலும் அந்தக் கடினமான வகைதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சுன்னாகம் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றும் 660 சி.சி. டர்போ வான் வைத்திருந்தார். முன்பு ஓட்டிய சாதாரண வானைப் போலவே இதற்கும் 10,000 கிலோமீற்றர் தாண்டிய பிறகே ஒயில் மாற்றினார். இரண்டு வருடத்தில் நீலப் புகை வந்தது, பிறகு டர்போ தேய்ந்து நின்றது. திருத்தச் செலவைவிட, வான் கராஜில் நின்ற நாட்களின் வருமான இழப்பும் தவறாமல் வந்த லீசிங் தவணையும்தான் அவரை வாட்டின. ஒயில் மாற்றாமல் மிச்சம் பிடித்த காசு அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோலைச் சீறும் சிறு டர்போக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்த சுற்றில், கூடிய சுமையில் எரிகலவை திடீரென முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கக்கூடும். இதைக் குறைப்பதற்கான சோதனைகளுடன் 2020இல் ஏ.பி.ஐ. எஸ்.பி என்ற ஒயில் தரம் வந்தது. ஒயில் கலனில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள். மனுவல் கியர் என்றால், ஏற்றத்தில் நாலாம் கியரில் முக்கவிட்டு மிதிக்காமல் மூன்றுக்கு இறக்குங்கள். நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்தியதும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நல்ல பழக்கம்.

சூப்பர்சார்ஜர் இந்த விடயத்தில் பொறுமையானது. புகை வாயுவின் வெப்பம் அதைத் தொடுவதில்லை. பல வகைகளில் அதன் பற்சக்கரங்களுக்குத் தனி ஒயில் உண்டு. பெல்ட், பெயாரிங், கிளச் ஆகியவையே தேய்பவை. ஆனால் பழுதானால் உதிரிப்பாகம் எங்கே என்ற கேள்வி வரும். டர்போவுக்கு உதிரிப்பாகமும் திருத்துபவரும் எங்கள் நாட்டில் இருக்கிறார்கள். டீசல் வான்களும் லொறிகளும் பல காலமாக அதைப் பழக்கிவைத்திருக்கின்றன. சிறுகார் சூப்பர்சார்ஜர் கையாண்ட மெக்கானிக்கைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பழைய வாகனம் வாங்கும்போது

டர்போ கார் என்றால் நான் பார்ப்பவை இவை:

• எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது.
• ஒயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுத்த களிபோன்ற படிவு இருந்தால் விட்டுவிடுங்கள்.
• இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். இலேசான ஒயில் ஈரம் வழமை. ஒயில் தேங்கி நின்றால் ஆபத்து.
• டர்போத் தண்டு பக்கவாட்டில் மிகச் சிறிது அசையலாம். முன்பின்னாக அசைந்தால் தேய்ந்துவிட்டது.
• ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். சைரன்போல் கூவும் சத்தமும் வலுக்குறைவும் நல்ல அறிகுறி அல்ல.
• ஒயில் மாற்றிய திகதிகளுடன் சேர்விஸ் பதிவு கேளுங்கள். குறைந்த மைலேஜைவிட இது பெறுமதியானது.

சூப்பர்சார்ஜர் கார் என்றால் பெல்ட்டில் வெடிப்பு, பெயாரிங்கில் கரகரப்பு, முன்மூடியில் ஒயில் கசிவு, கிளச் ஒழுங்காக இணைகிறதா என்பவற்றைப் பாருங்கள். இரண்டுக்கும் ஸ்கானர் சோதனை அவசியம்.

இருக்கும் காரில் பூட்டலாமா?

இளைஞர்கள் சிலர் விட்ஸ், ஆல்ட்டோ போன்றவற்றில் டர்போ பூட்டும் ஆசையில் கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். தொழிற்சாலை டர்போ எஞ்சினில் பிஸ்டன், கம்பிரஷன் விகிதம், ஒயில் பாதை, குளிரூட்டல், பெற்றோல் அளவைக் கணிக்கும் கணினி எல்லாமே அதற்கேற்ப மாற்றப்பட்டவை. 92 நியூற்றன் மீற்றருக்கென அமைத்த சி.வி.ரி கியர்பெட்டியிடம் 140ஐக் கொடுத்தால் அது கனகாலம் தாங்காது. பிரேக்கும் பழையதே. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம், விபத்தின் பின் இழப்பீட்டையே கேள்விக்குறியாக்கலாம். எஞ்சினையே மாற்றினால் வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் மாற்றவேண்டும். இதற்குச் செலவழிக்கும் பணத்துடன் காரை விற்று, தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டிய ஒன்றை வாங்குவது புத்தி.

யாருக்கு எது?

மலைநாட்டில் இருப்பவர்களுக்கும், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே அடிக்கடி ஓடுபவர்களுக்கும் டர்போதான் பொருத்தம். ஆனால் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை நல்ல ஒயில் என்ற செலவை மாதாந்தக் கணக்கில் எழுதிவைக்க வேண்டும். நல்ல நிலையில், நியாய விலையில், திருத்தத் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தால், நகர ஓட்டத்துக்குச் சூப்பர்சார்ஜர் கார் ஒன்றை வாங்குவதில் தவறில்லை. சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடுபவருக்கு, அதுவும் தட்டையான யாழ். குடாநாட்டுக்குள் என்றால், இரண்டுமே தேவையில்லை. சாதாரண 1.0 எஞ்சின் அந்த வேலையைக் குறைந்த செலவில், குறைந்த கவலையுடன் செய்யும். விளம்பரத்தில் உள்ள குதிரைவலுவைப் பார்க்குமுன், உங்கள் கார் ஒரு மாதத்தில் எந்தெந்த வீதியில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதை வாங்குவது என்பதை அந்தத் தாள் பெரும்பாலும் சொல்லிவிடும்.